துறைமுகத்துல உக்காந்து மேக்னட்டார் அலர்ட் வாங்குறேன்: ஜிசிஎன் சர்வீஸ் ரிவ்யூ

மொதல்லயே ரேட்டிங் சொல்லிடுறேன், அஞ்சுக்கு அஞ்சு. நாசா நடத்துற ஜிசிஎன், முழு பேரு ஜெனரல் கோஆர்டினேட்ஸ் நெட்வொர்க். வானத்துல எங்கயாவது காமா கதிர் (எக்ஸ்ரேயை விட சக்தி கூடின கதிர்) வெடிச்சு அதை ஒரு விண்வெளி தொலைநோக்கி பிடிச்சிடுச்சுன்னா, எந்த இடத்துல, எத்தனை மணிக்கு, எவ்ளோ நேரம்னு உலகம் பூரா தகவல் அனுப்புற சர்வீஸ் இது. நமக்கு மெயிலா வரும், ஒரு பைசா கிடையாது. 2023 ஆரம்பத்துலேர்ந்து வாங்கிக்கிட்டு இருக்கேன். தமிழ்ல யாராவது இதைப் பத்தி எழுதியிருக்காங்களான்னு தேடிப் பார்த்தேன், என் கண்ணுல ஒண்ணும் படல, சரி நாமளே எழுதிடுவோம்னு உக்காந்துட்டேன்.

நான் விஞ்ஞானி கிடையாதுங்க. கடலூர் முதுநகர்ல துறைமுகத்தை ஒட்டி சின்ன கடை, போட்டுங்களுக்கு வயர்லெஸ் செட், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் மாட்டிக் குடுத்து ரிப்பேர் பார்க்குறது தொழில். படிச்சது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. சொந்த ஊரு தேவனாம்பட்டினம். சிக்னல், ஆன்டெனா, நேரம் தப்பாம தகவல் போய் சேர்றது, இதெல்லாம் என் வேலையே, அதனால இந்த சர்வீஸை ஒரு மெக்கானிக் கண்ணாலதான் பார்ப்பேன், அப்படியே எழுதுறேன்.

இதுக்கு முன்னாடி ஒரு மொபைல் ஆப்புக்கு வருஷத்துக்கு காசு கட்டி ஏமாந்தேன், பேரு வேணாம். விண்வெளி அலர்ட் உடனுக்குடன்னு போட்டிருந்தாங்க. வந்தது என்னன்னா ஆறு மணி நேரம், சில நாள் மறுநாள் கழிச்சு ஒரு நோட்டிஃபிகேஷன், அதுக்குள்ள போனா ஒரு படம், நாலு வரி, பெரிய வெடிப்பு, பூமிக்கு ஆபத்தான்னு ஒரு கேள்விக்குறி, கீழ ராசிபலன் விளம்பரம். எந்த தொலைநோக்கி பார்த்துச்சு, எத்தனை செகண்ட் நீடிச்சுச்சு, வானத்துல எந்த பாயிண்ட்டு, எதுவுமே இருக்காது. காசை திருப்பிக் கேட்டு மூணு மெயில் போட்டேன், பதில் இல்ல. அப்புறம்தான் ஒரு நாள் அந்த ஆப் போட்ட செய்திக்கு மூலம் எதுன்னு தோண்டிக்கிட்டே போனேன், அது இங்க வந்து முடிஞ்சுது. அவங்க காசுக்கு வித்தது இங்க சும்மா கிடைக்கிற தகவலைத்தான், அதுவும் பாதியை உரிச்சு எடுத்துட்டு.

இது நேத்து வந்த சர்வீஸ் இல்ல. 1991ல மேல போன காம்ப்டன் சாட்டிலைட்ல பேட்ஸின்னு ஒரு கருவி இருந்துச்சு, அது பிடிச்ச வெடிப்புங்களோட இடத்தை தரையில இருக்குற தொலைநோக்கிகளுக்கு உடனே தட்டி விடுறதுக்காக 1990கள்ல ஆரம்பிச்ச ஏற்பாடு, அப்படியே வளர்ந்து இப்ப எல்லா நாட்டு சாட்டிலைட்டும் இதுலதான் பேசிக்குது. முன்னாடி காமா ரே கோஆர்டினேட்ஸ் நெட்வொர்க்னு பேரு, 2022ல ஜெனரல்னு மாத்தினாங்க. ரெண்டு வகை தகவல் வரும். ஒண்ணு நோட்டீஸ், அது மிஷின் மிஷினுக்கு அனுப்புறது, மனுஷன் கை படாது, வெறும் நம்பர். இன்னொண்ணு சர்க்குலர், அது விஞ்ஞானிங்க உக்காந்து கையால எழுதுறது, நாங்க இதைப் பார்த்தோம், இவ்ளோ நேரம் நீடிச்சுச்சு, எங்க கணிப்பு இதுன்னு. புதுசா சேர்றவங்க சர்க்குலர் மட்டும் வச்சுக்கிட்டாலே போதும்.

சேர்றது சுலபம்தான், ஜிசிஎன் டாட் நாசா டாட் கவ் போயி ஈமெயில் ஐடி வச்சு லாகின் பண்ணி எது எது வேணும்னு டிக் அடிக்கணும், அவ்ளோதான். நான் ஆர்வக்கோளாறுல நோட்டீஸ்ல இருந்த அத்தனையையும் டிக் அடிச்சிட்டேன், மறுநாள் காலைல மெயில் பாக்ஸ் ரொம்பி வழியுது, போட்டு ஓனர் ஒருத்தர் அனுப்பின பில்லு விவரம் அதுக்குள்ள போயி மாட்டிக்கிச்சு. அது என் தப்பு. அப்புறம் ஜிசிஎன்னுக்குன்னே தனியா ஒரு ஐடி வச்சு, நோட்டீஸ்ல ஸ்விஃப்ட், ஃபெர்மிங்கற ரெண்டு சாட்டிலைட்டோடது மட்டும், கூட சர்க்குலர், இப்படி வச்ச பிறகு அழகா வந்துக்கிட்டு இருக்கு. ஃபெர்மி ஒண்ணே வருஷத்துக்கு 240 வெடிப்பு கிட்ட பிடிக்குது, அப்ப பார்த்துக்குங்க.

இதுல வர்ற எல்லாமே மேக்னட்டார் கிடையாது. பெரும்பாலானது ரொம்ப ரொம்ப தூரத்து கேலக்ஸில பெரிய நட்சத்திரம் இடிஞ்சு விழறதோ ரெண்டு நியூட்ரான் நட்சத்திரம் மோதிக்கிறதோதான். நான் குறிப்பா காத்துக்கிட்டு இருக்குறது மேக்னட்டாருக்கு. அது என்னன்னு தெரியாதவங்களுக்கு, பெரிய நட்சத்திரம் வெடிச்சு மிச்சமாகுற நியூட்ரான் நட்சத்திரத்துல ஒரு வகை. சூரியனை விட கூடுதல் எடை, ஆனா சைஸ் குறுக்கால 20 கிலோமீட்டர்தான். கடலூர் பஸ் ஸ்டாண்டுல ஏறி பாண்டில இறங்குறோமே, அந்த தூரத்துக்குள்ள ஒரு சூரியனை அமுக்கி வச்சா எப்படி இருக்கும், அது. அதோட காந்த பலம்தான் விஷயமே. பூமியோட காந்தம் அரை காஸ் (காஸ்ங்கறது காந்த பலத்தை அளக்குற அலகு). ஸ்கேன் சென்டர்ல எம்ஆர்ஐ மிஷின், இரும்பு சாமானை இழுத்துக்கும்னு வெளியவே கழட்ட சொல்றாங்க, அது 15,000 காஸ். மேக்னட்டாருக்கு 100 லட்சம் கோடிலேர்ந்து 1,000 லட்சம் கோடி காஸ் வரைக்கும். நிலாவுக்கு போற வழில பாதி தூரத்துல ஒண்ணை வச்சாலே இங்க நம்ம பாக்கெட்ல இருக்குற ஏடிஎம் கார்டு பட்டை அழிஞ்சிடும்னு கணக்கு சொல்றாங்க. இப்படி ஒண்ணு இருக்க முடியும்னு 1992ல டங்கன், தாம்சன்னு ரெண்டு பேரு பேப்பர்ல எழுதினாங்க, 1998ல கூவேலியோட்டூங்கற அம்மாவோட டீம் எஸ்ஜிஆர் 1806-20ங்கற நட்சத்திரத்தோட (எஸ்ஜிஆர்னா சாஃப்ட் காமா ரிப்பீட்டர், திரும்பத் திரும்ப காமா கதிர் விடுறது) சுழற்சி எவ்ளோ வேகமா கொறையுதுன்னு அளந்து ஆமா இருக்குன்னு காட்டினாங்க. இது வரைக்கும் 30 சொச்சம்தான் கண்டுபிடிச்சிருக்காங்க.

அந்த காந்தம் முறுக்கேறி முறுக்கேறி ஒரு நாள் நட்சத்திரத்தோட மேல் ஓடு விரிசல் விடும், அப்ப பீறிட்டு வர்றதுதான் வெடிப்பு. சின்ன சின்னதா அடிக்கடி வரும். பெருசு எப்பயாவது. நம்ம கேலக்ஸியும் பக்கத்து வீடு மாதிரி இருக்குற பெரிய மெகல்லன் மேகங்கற குட்டி கேலக்ஸியும் சேர்த்து இது வரைக்கும் பார்த்தது மூணே மூணு, 1979 மார்ச் 5, 1998 ஆகஸ்ட் 27, 2004 டிசம்பர் 27. மூணாவதைப் பத்தி அப்புறம் சொல்றேன், அதுக்குத்தான் இந்த ரிவ்யூவே.

எஸ்ஜிஆர் 1806-20, எஸ்ஜிஆர் 1935+2154ன்னு பேரைப் பார்த்து மலைச்சு போயிடாதீங்க. எங்க பெரியப்பா கடையில உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருந்தப்ப ஒரு சர்க்குலர் வந்துச்சு, என்னடா அது நம்பர் நம்பரான்னாரு. அவருக்கு ஏழாம் கிளாஸ் படிப்பு, நாப்பது வருஷம் தொழிலுக்கு போனவரு. "பெரியப்பா, நீங்க கடலுக்கடியில பாறை இருக்குற இடத்தை ஜிபிஎஸ்ல பாயிண்ட் போட்டு வைக்கிறீங்கல்ல, இது வானத்துக்கு போட்ட பாயிண்ட்டு. 19 மணி 35 நிமிஷம்ங்கறது கிழக்க மேற்க, 21 டிகிரி 54ங்கறது வடக்க"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப அந்த மைனஸ் போட்டது தெக்கால இருக்குறது"ன்னாரு. நான் சொல்லவே இல்ல, அவரே புடிச்சிட்டாரு. ஆமாங்க, 1806-20ல அந்த மைனஸ் தெக்கு பக்கம்தான். நட்சத்திரம் பார்த்து கரை சேர்ந்த தலைமுறை, அவங்களுக்கு இதெல்லாம் நேரா போய் உக்காருது. வெடிப்புங்களோட பேரு இன்னும் சுலபம், ஜிஆர்பின்னு போட்டு வருஷம் மாசம் தேதி, அப்புறம் ஒரு எழுத்து. ஜிஆர்பி 231115ஏன்னா 2023 நவம்பர் 15ல பிடிச்சதுன்னு அர்த்தம். டைம் மட்டும் யூடில, அதாவது உலகப் பொது நேரத்துல இருக்கும், அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கணும்.

இப்ப இந்த அலர்ட்டு எங்கேர்ந்து பொறக்குதுன்னு கொஞ்சம் சொல்லியே ஆகணும், மெக்கானிக்கா எனக்கு ரொம்ப புடிச்ச இடம் இது. காமா கதிரை லென்ஸ் வச்சு குவிக்க முடியாது, ஊடுருவிக்கிட்டு போயிடும். 2004 நவம்பர் 20ல மேல போன ஸ்விஃப்ட் என்ன பண்ணுதுன்னா, மேல ஒரு பெரிய தட்டுல 50,000க்கு மேல குட்டி குட்டி ஈய வில்லைங்களை தாறுமாறா பதிச்சு வச்சிருக்காங்க, அஞ்சு மில்லிமீட்டர் சதுரம் ஒவ்வொண்ணும், கீழ 32,768 டிடெக்டர் துண்டு. கீத்து கொட்டாய்க்குள்ள வெயில் ஓட்டை ஓட்டையா தரையில விழுமே, சூரியன் நகர்ந்தா அந்த புள்ளிக்கோலமும் நகரும்ல, அதே கதைதான். ஈயத்தோட நிழல் கீழ எப்படி விழுந்துச்சுன்னு பார்த்து கதிர் எந்த பக்கத்துலேர்ந்து வந்துச்சுன்னு கம்ப்யூட்டர் அங்கயே கணக்கு போட்டுடும், அப்புறம் சாட்டிலைட்டே தானா திரும்பி ஒண்ணு ஒண்ணரை நிமிஷத்துக்குள்ள தன்னோட எக்ஸ்ரே தொலைநோக்கியை அந்த பாயிண்ட்டுக்கு நேரா நிறுத்தும். ஃபெர்மி வேற மாதிரி, 2008 ஜூன் 11ல போனது, எல்லா பக்கமும் பார்த்த மாதிரி 12 சோடியம் அயோடைடு டிடெக்டரு, கூட 2 பெருசு. எது முகத்துல அதிகமா அடிச்சுது எதுல கம்மின்னு வச்சு திசை சொல்லும், இடம் சில டிகிரி முன்ன பின்ன இருக்கும், ஆனா வானத்துல பூமி மறைக்காத பக்கம் பூரா ஒரே நேரத்துல அதுக்கு தெரியும். ரெண்டும் சேர்ந்தாதான் கண்ணும் காதும் மாதிரி.

நம்ம ஊரு சாட்டிலைட்டும் இதுல இருக்கு, அதை சொல்றப்ப எனக்கு நெஞ்சு நிமிருது. 2015 செப்டம்பர் 28ல ஸ்ரீஹரிகோட்டாலேர்ந்து பிஎஸ்எல்வி சி30ல போன அஸ்ட்ரோசாட். அதுல சிஇசட்டிஐன்னு ஒரு கருவி, கதிரோட சக்தி 100 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல போனா அதோட பக்கச் சுவரெல்லாம் கதிருக்கு கண்ணாடி மாதிரி ஆயிடுறதால எந்த பக்கம் வெடிச்சாலும் பிடிச்சிடுது, 500 வெடிப்புக்கு மேல பதிவாகியிருக்கு. அஸ்ட்ரோசாட் சர்க்குலர் வந்தா கடைசி வரி வரைக்கும் படிப்பேன். இந்த கருவியை மும்பை டிஐஎஃப்ஆர் ஆராய்ச்சி நிறுவனம் தலைமையில நம்ம நாட்டு நிறுவனங்க சேர்ந்து கட்டினதுன்னு ஒரு வரி போட்டு திருவனந்தபுரம் விஎஸ்எஸ்சி, புனே ஐயூகா, அகமதாபாத் பிஆர்எல்லுன்னு பேரு வரிசையா இருக்கும். என் பொண்ணு ஒன்பதாவது படிக்குது, அஸ்ட்ரோசாட்லேர்ந்து வர்ற சர்க்குலரை மட்டும் ஒரு நாற்பது பக்க நோட்டுல தேதி போட்டு எழுதி வச்சிக்கிட்டு வருது.

சர்வீஸ் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரே ஒரு உதாரணம் காட்டுறேன், நான் கூடவே இருந்து பார்த்தது. 2023 நவம்பர் 15, நம்ம டைம் ராத்திரி 9 மணி சுமாருக்கு, ஐரோப்பாவோட இன்டெக்ரல் சாட்டிலைட் ஒரு வெடிப்பை பிடிச்சுது. மொத்தமே ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்குதான், கண்ணு இமைக்கிற நேரம் கூட இல்ல. 13 செகண்டுல அலர்ட் உலகம் பூரா போயிடுச்சு. 13 செகண்டுங்க. துறைமுகத்துல நான் வயர்லெஸ்ல கூப்பிட்டா எதிர்ல இருக்குறவரு மைக்கை எடுத்து பதில் சொல்ல அவ்ளோ நேரம் ஆவும். அப்புறம் சர்க்குலர் ஒண்ணு ஒண்ணா விழ ஆரம்பிச்சுது. இடம் எம்82 கேலக்ஸி மேல விழுதுன்னு ஒருத்தர், சப்தரிஷி மண்டலம் பக்கம் இருக்குறது, 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டு தூரம். நியூட்ரான் நட்சத்திர மோதலா இருந்தா ஈர்ப்பலை (விண்வெளியே குலுங்கி பரவுற அலை) வரணும், அது வரலன்னு ஈர்ப்பலை டீம். மோதலா இருந்தா வெடிச்ச பிறகு அந்த இடத்துல எக்ஸ்ரே கங்கு மாதிரி கனன்றுக்கிட்டு இருக்கணும், எக்ஸ்எம்எம் நியூட்டன்ங்கற எக்ஸ்ரே தொலைநோக்கி திரும்பி பார்த்தா அங்க ஒண்ணும் இல்ல. மிச்சம் இருக்குறது ஒண்ணுதான், மேக்னட்டாரோட ராட்சச வெடிப்பு. இதையெல்லாம் நான் நம்ம துறைமுகத்துல ஒரு பழைய போன்ல, விஞ்ஞானிங்க என்ன வரிசையில யோசிச்சாங்களோ அதே வரிசையில படிச்சேன். பேப்பர்ல செய்தியா வர்றப்ப முடிவு மட்டும்தான் வரும். இங்க அவங்க சந்தேகப்பட்டது, ஒதுக்கினது எல்லாம் வருது. இதுக்கு நான் காசு குடுக்க கூட தயாரா இருந்தேன்.

இதுக்கு முன்னாடி 2020 ஏப்ரல் 15லயும் ஒண்ணு, ஸ்கல்ப்டர் கேலக்ஸிலேர்ந்து, அதை செவ்வாயை சுத்துற மார்ஸ் ஒடிசி மொதல்ல பிடிச்சு ஆறரை நிமிஷம் கழிச்சுதான் பூமி பக்கம் வந்துச்சு, அந்த நேர வித்தியாசத்தை வச்சே திசை கண்டுபிடிச்சாங்க. அதே மாசம் 28ந்தேதி எஸ்ஜிஆர் 1935+2154 ரேடியோவுலயும் எக்ஸ்ரேலயும் ஒண்ணா வெடிச்சு, கண்ணு இமைக்கிறதுக்குள்ள வந்து போற வேகமான ரேடியோ வெடிப்புங்கற மர்மத்துல ஒரு பங்கு மேக்னட்டாருதான்னு காட்டிக் குடுத்துச்சு. அப்ப எனக்கு இந்த சர்வீஸ் தெரியாது. பின்னாடி ஆர்க்கைவ்ல போயி படிச்சேன். 30,000க்கு மேல சர்க்குலர் உள்ள கெடக்கு, எல்லாம் தேடி எடுக்கலாம்.

அந்த ஆர்க்கைவ்லதான் 2004 டிசம்பருக்கு போனேன்.

கடலூர்காரங்களுக்கு அந்த மாசத்தை சொல்லத் தேவையில்ல. 26 ஞாயித்துக்கிழமை காலைல கடல் ஏறுச்சு. எனக்கு 19 வயசு. 27 ராத்திரி எங்க சனம் எல்லாம் மஞ்சக்குப்பத்துல ஒரு கல்யாண மண்டபத்துல, பொம்பளைங்க புள்ளைங்க உள்ள, நாங்க ஆம்பளைங்க மொட்டை மாடில. சித்தப்பா மவன் அப்ப இன்னும் கிடைக்கல. யாரும் தூங்கல. பௌர்ணமி முடிஞ்சு ஒரு நாள்தான், நிலா அவ்ளோ வெளிச்சம், அந்த வெளிச்சத்தை பார்க்கவே எனக்கு புடிக்கல, திரும்பி சுவத்து பக்கம் பார்த்து படுத்திருந்தேன், அது மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கு.

சர்க்குலர்ல டைம் போட்டிருக்கு, டிசம்பர் 27, யூடி 21:30. அஞ்சரையை கூட்டினேன். நம்ம டைம் 28ந்தேதி விடிகாலை 3 மணி. எஸ்ஜிஆர் 1806-20 வெடிச்ச கதிர் பூமிக்கு வந்து சேர்ந்த நேரம் அது. நம்ம கேலக்ஸிக்குள்ள இருந்து இது வரைக்கும் பதிவானதுலயே பெரிய வெடிப்பு. ஒரு செகண்டு கூட முழுசா இல்லாத நேரத்துல, சூரியன் பத்தாயிரக்கணக்கான வருஷம் எரிஞ்சு கொட்டுற சக்தி. மேல இருந்த சாட்டிலைட்டுங்களோட டிடெக்டரெல்லாம் அளக்க முடியாம திணறிடுச்சு. ஸ்விஃப்ட் மேல போயி அஞ்சு வாரம்தான் ஆகியிருந்துச்சு, அது வேற பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தும் பக்கவாட்டுல ஊடுருவி அடிச்சுது. அப்புறம் ஆறு நிமிஷத்துக்கு மேல 7.56 செகண்டுக்கு ஒரு தடவை துடிச்சு துடிச்சு அடங்குச்சு, அந்த நட்சத்திரம் ஒரு சுத்து சுத்துற நேரம் அது.

எங்களுக்கு அது படல. அந்த நட்சத்திரம் தனுசு ராசி பக்கம், டிசம்பர் கடைசில சூரியனும் அங்கதான் இருக்கும், அதனால நம்மளுக்கு ராத்திரி 3 மணின்னா அது காலுக்கு அடியில, பூமிக்கு அந்தாண்ட பக்கம். பகலா இருந்த பசிபிக் பக்கம்தான் அடி வாங்கிச்சு, வளிமண்டலத்துக்கு மேல ரேடியோ அலையை திருப்பி விடுற அயனோஸ்பியர் அடுக்கே ஆட்டம் கண்டுச்சு. 1998 வெடிப்பு இன்னும் வேடிக்கை, பசிபிக்குல ராத்திரியா இருந்த பக்கத்து கீழ் அயனோஸ்பியரை பகல் மாதிரி ஆக்கிடுச்சு, நீள அலை ரேடியோ சிக்னல்ல தெளிவா தெரிஞ்சுது. (நம்ம போட்டு விஎச்எஃப் செட்டுக்கு அயனோஸ்பியர் தேவையில்ல, நேர்கோட்டுல போறது, அதனால யாரும் பயப்பட வேணாம்.)

ஆனா நிலா இருந்துச்சு. ரஷ்யாவோட கொரோனாஸ் எஃப்னு ஒரு சாட்டிலைட், வெடிப்பு நேரத்துல அதுவும் எங்களை மாதிரி பூமியோட மறைவுலதான் இருந்துச்சு, நேரா ஒண்ணும் தெரியாது. ஆனா கதிர் பூமியைத் தாண்டி நிலாவுல போயி பட்டு திரும்பி வந்ததை அது பிடிச்சிடுச்சு. இதைப் படிச்சப்ப கையில இருந்த ஸ்க்ரூ டிரைவரை கீழ வச்சிட்டேன். எக்கோ சவுண்டர்ல நான் தினமும் பார்க்குறது அதான், சத்தம் கீழ தரைக்கு போயி பட்டு திரும்பி வர்றது, அந்த நேரத்தை வச்சு ஆழம் சொல்றது. அன்னிக்கு அந்த வேலையை நிலா பண்ணியிருக்கு. நான் பார்க்க மாட்டேன்னு முகத்தை திருப்பிக்கிட்டு படுத்திருந்த அதே நிலா, 3 மணிக்கு மேற்கால சாய்ஞ்சுக்கிட்டு இருந்திருக்கும், அதுலேர்ந்து காமா கதிர் எங்க தலைக்கு மேல தெறிச்சிருக்கு. மண்டபத்துல இருந்த ஒருத்தருக்கும் தெரியாது. கடலுக்கு அடியில பூமி பொளந்ததையே யாரும் எங்களுக்கு சொல்லல, அப்ப.

ஒண்ணு சொல்லிடணும், சுனாமிக்கு காரணமே இந்த நட்சத்திரம்தான்னு அப்பவும் இப்பவும் சில பேரு கிளப்பி விடுறாங்க. கிடையாது. சுமத்ரா பூகம்பம் 26ந்தேதி நம்ம டைம் காலைல ஆறரை. கதிர் வந்தது அதுக்கு 44 மணி நேரம் கழிச்சு. ஒளியை முந்திக்கிட்டு அங்கேர்ந்து எதுவும் வர முடியாது. சுனாமிக்கு அலர்ட் இல்லாம போச்சு, அதுதான் நடந்தது, ஐதராபாத்துல எச்சரிக்கை மையம் வந்ததே 2007ல. 2012 ஏப்ரல் 11 மத்தியானம் அங்கேர்ந்து எச்சரிக்கை வந்தப்ப எங்க குப்பத்துல கிழவி வரைக்கும் மேட்டுக்கு ஏறிட்டாங்க, அலை பெருசா வரல, அதுக்காக யாரும் திட்டல. அலர்ட்டுன்னா அது எப்படி இருக்கணும்னு எனக்கு ஒரு அளவு இருக்கு, நேரம், இடம், யாரு சொல்றாங்க, தப்பா போனா திருத்தி சொல்றாங்களா. ஜிசிஎன்னை அந்த அளவுலதான் எடை போட்டேன்.

திருத்தி சொல்றதுல இவங்களை அடிச்சுக்க ஆள் இல்ல. காமா வெடிப்புன்னு நோட்டீஸ் போயிடும், கொஞ்ச நேரத்துல இது வெடிப்பு இல்ல, சூரியனோட தீப்பொறின்னு வேற ஒண்ணு வரும். சில சமயம் பூமிலயே பெரிய இடி மேகத்துலேர்ந்து மேல பாயுற காமா கதிரா இருக்கும், ஃபெர்மி அதையும் பிடிக்கும். மழுப்பாம, முன்னாடி அனுப்பினதை நாங்க திரும்ப வாங்கிக்கிறோம்னு எழுதிப்புடுவாங்க. பேரும் நிறுவனமும் மேலயே இருக்கும். போன ஐப்பசில, இன்னிக்கு ராத்திரி பன்னெண்டுலேர்ந்து மூணு வரைக்கும் காஸ்மிக் கதிர் பூமிக்கு கிட்ட போவுது, போனை அணைச்சு தூர வைங்கன்னு எங்க சங்க வாட்ஸ்அப் குரூப்புல ஒரு ஃபார்வர்டு சுத்துச்சு. கடலுக்கு போனவங்க வீட்டுல போனை அணைச்சு வச்சா என்ன ஆகும்னு யோசிங்க. நான் ஜிசிஎன் தேதி வாரியா தேடிக் காட்டி, அப்படி எதுவும் கிடையாது, எந்த வெடிப்பும் வர்றதுக்கு முன்னாடி யாராலயும் டைம் சொல்ல முடியாது, ஒளி வேகத்துல வர்றதுக்கு முன்னறிவிப்பே கிடையாதுன்னு தமிழ்ல எழுதி போட்டேன். ரெண்டு மணி நேரத்துல அடங்கிடுச்சு.

2004 வெடிப்பு கதை இன்னும் முடியல, அது தெரியுமா. வெடிச்சு ஒரு பத்து நிமிஷம் கழிச்சு மெதுவா இன்னொரு காமா கதிர் ஏத்தம் இன்டெக்ரல்ல பதிவாகியிருந்துச்சு, என்னன்னு புரியாம 20 வருஷம் கெடந்துச்சு. 2025ல ஒரு டீம் கணக்கு போட்டு, வெடிப்புல பிச்சுக்கிட்டு வந்த நட்சத்திரத்தோட ஓட்டுல தங்கம், பிளாட்டினம் மாதிரி கனமான தனிமங்க புதுசா உருவாகி அதோட கதிரியக்கம்தான் அந்த ஏத்தம்னு சொல்லியிருக்காங்க, நம்ம கேலக்ஸில இரும்புக்கு மேல எடையுள்ள தனிமங்கள்ல பத்துல ஒரு பங்கு வரைக்கும் இப்படி வந்திருக்கலாமாம். என் வீட்டம்மா இதைக் கேட்டுட்டு தாலியில இருக்குற குண்டை விரல்ல உருட்டிப் பார்த்துக்கிட்டே, "இது எந்த நட்சத்திரத்துதுங்க"ன்னு கேட்டாங்க. சொல்ல முடியாது, ஆனா பூமி பொறக்குறதுக்கும் முன்னாடி எங்கயோ வெடிச்சதுன்னு மட்டும் சொன்னேன்.

சேரலாமான்னு யோசிக்கிறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது. எல்லாம் இங்கிலீஷ், அதுவும் சுருக்கெழுத்து மேல சுருக்கெழுத்து, ஒரு மாசம் கூட கூகுள் பண்ணிக்கிட்டே படிக்கணும், அப்புறம் பழகிடும். படம் எதுவும் வராது, அழகா போட்டோ பார்க்கணும்னா இது அதுக்கு இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கும் மெயில் வரும், நோட்டிஃபிகேஷனை சத்தமில்லாம வச்சுக்குங்க. இன்டெக்ரல் 2025 பிப்ரவரியோட பார்க்குறதை நிறுத்திக்கிச்சு, 2002லேர்ந்து உழைச்சது, அதோட பேரு இனிமே புது வெடிப்புல வராது, எனக்கு அது நெசமாவே கஷ்டமா இருந்துச்சு. ஸ்விஃப்ட்டும் சூரியன் கொந்தளிப்பால கீழ இறங்கிக்கிட்டு வருது, வேற ஒரு கலத்தை அனுப்பி அதை மேல தள்ளி விட 2025ல நாசா ஒப்பந்தம் போட்டிருக்கு, அது நல்லபடியா முடியணும். புதுசா 2024 ஜனவரில ஐன்ஸ்டைன் ப்ரோப், ஜூன் 22ல பிரான்ஸும் சைனாவும் சேர்ந்து விட்ட எஸ்விஓஎம் வந்திருக்கு. பாண்டில பிரெஞ்சு படிச்ச ஆளுங்க எவ்ளோ பேரு இருக்கீங்க, எஸ்விஓஎம் பத்தி பிரெஞ்சுல வர்ற விளக்கமெல்லாம் யாராவது தமிழ்ல எழுதினா என்ன மாதிரி ஆளுங்க உக்காந்து படிப்போம்.

என் செட்டிங் கேட்குறவங்களுக்கு, தனி மெயில் ஐடி, சர்க்குலர் ஆன், நோட்டீஸ்ல ஸ்விஃப்ட் பேட் (அந்த ஈய வில்லை கருவி) இடம் சொல்றது, ஃபெர்மி ஜிபிஎம் (அந்த 12ம் 2ம் சேர்ந்த டிடெக்டருங்க) கடைசி இடம் சொல்றது ரெண்டு மட்டும். மெயில்ல எஸ்ஜிஆர், மேக்னட்டார்னு வார்த்தை வந்தா மட்டும் தனி சத்தம் வர்ற மாதிரி ஃபில்டர். எனக்கு அந்த சத்தம் பழைய போட்டு ஹாரன். முதுநகர் பக்கம் வந்தா போனை எடுத்துக்கிட்டு கடைக்கு வாங்க, செட் பண்ணி தரேன், அதுக்கும் காசு வேணாம். வெள்ளிக்கிழமை மட்டும் கடை லீவு.